குஸ்தாவ் டோரே படங்களை அவரேதான் செதுக்கினாரா?

கேள்வி இதுதான்: இத்தாலியக் கவிஞர் தாந்தேயோட நரகம், பைபிள், டான் குயிக்ஸோட் எல்லாத்துக்கும் படம் போட்ட குஸ்தாவ் டோரேவை எங்க பாத்தாலும் பிரெஞ்சு மரச்செதுக்குக் கலைஞர்னு போட்டிருக்கு, ஆயிரக்கணக்குல படத்தை ஒரு ஆள் எப்படி செதுக்கியிருக்க முடியும், அவரோட வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க.

அவர் செதுக்கல. மரக்கட்டை மேல வரைஞ்சு குடுத்தார், செதுக்கினது எல்லாம் வேற ஆளுங்க. பாரிஸ்ல அந்த காலத்துல இந்தத் தொழில்ல இருந்த நல்ல கைகாரங்க ஏகப்பட்ட பேர் ஏதோ ஒரு கட்டத்துல டோரேக்கு வேலை செஞ்சவங்கதான். இதை நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம், எந்த டோரே படத்தை வேணா எடுத்து கீழ் மூலைகளைப் பாருங்க. இடது பக்கம் ஜி. டோரேன்னு இருக்கும், வலது பக்கம் பிஸான், பன்னமேக்கர், ஜொன்னார்னு வேற ஒரு பேர் குட்டியா இருக்கும். அந்த வலது மூலை ஆள்தான் செதுக்கினவர். ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுத்தான் வெளியிட்டாங்க, யாரும் எதையும் மறைக்கல, பின்னாடி வந்த நாமதான் ஒரு பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டோம்.

அந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சாதான் டோரே என்ன பண்ணார்னு புரியும், அதனால அதை முதல்ல சொல்லிடறேன். பழைய மரக்கட்டை அச்சுல மரத்தை பலகையா நீளவாக்குல அறுத்து கத்தியால வெட்டுவாங்க, இழை ஓட்டத்துக்கு குறுக்கே போனா பிசிறு கிளம்பும், ரொம்ப நுணுக்கமா போக முடியாது. 18-ம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்துல நியூகாசில்ல தாமஸ் பெவிக்னு ஒருத்தர் பாக்ஸ்வுட் மரத்தை குறுக்கே அறுத்து அந்த வட்ட முகத்துல, உலோகத் தகடு செதுக்குறவங்க வச்சிருக்குற ப்யூரின்ங்கிற கூர் உளியால கீறினா முடி மாதிரி மெல்லிசான கோடு கூட எந்தத் திசையிலயும் ஓடும்னு காட்டினார். அவர் கண்டுபிடிச்சார்னு சொல்ல முடியாது, ஆனா அந்த முறையோட முழு பலத்தையும் காட்டினவர் அவர்தான். பாக்ஸ்வுட் ரொம்ப மெதுவா வளர்ற மரம், தண்டு ஒல்லியா இருக்கும், அதனால பெரிய படம் வேணும்னா சின்னச் சின்ன கட்டைகளை ஒட்டியோ போல்ட் போட்டு முறுக்கியோ சேர்க்கணும். பத்திரிகைக்காரங்க இதையே சௌகரியமா ஆக்கிக்கிட்டாங்க, அவசரச் செய்திப் படம்னா போல்ட்டைக் கழட்டி ஆளுக்கு ஒரு துண்டா குடுத்து ராத்திரியோட ராத்திரியா செதுக்கி திருப்பிச் சேர்த்துடுவாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்தக் கட்டையோட உயரம் அச்சு எழுத்தோட உயரமேதான், 23 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. அதனால எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்துல பூட்டி ஒரே அழுத்துல அடிக்கலாம். செப்புத் தகட்டுப் படத்துக்கு அது முடியாது, அதுல மை பள்ளத்துல நிக்கும், தனி மெஷின்ல தனித் தாள்ல அடிச்சு அப்புறமா புத்தகத்துல சேர்த்துத் தைக்கணும். 1842-ல லண்டன்ல இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸும் அடுத்த வருஷமே பாரிஸ்ல லில்லுஸ்த்ராசியோனும் வாரம் தவறாம படம் படமா வர முடிஞ்சதுக்கு இதுதான் காரணம்.

செதுக்குறவர் மேஜையில மணல் அடைச்ச ஒரு தோல் திண்டு இருக்கும், கட்டை அது மேல உக்காரும். வளைவுக் கோடு வேணும்னா உளியைத் திருப்ப மாட்டாங்க, உளி கிட்டத்தட்ட அசையாம நிக்கும், இடது கையால கட்டையைத்தான் திருப்புவாங்க. ராத்திரி வேலைன்னா விளக்குக்கு முன்னாடி தண்ணி நிரப்பின கண்ணாடி உருண்டை, அது வெளிச்சத்தைக் குவிச்சு கட்டை மேல போடும். செதுக்காத இடத்துல இருக்குற வரைபடம் கை பட்டு அழிஞ்சுடாம இருக்க பேப்பர் சுத்தி, வேலை நடக்குற இடத்தை மட்டும் கிழிச்சு வச்சிருப்பாங்க. நான் கொஞ்ச காலம் ப்ரிண்ட்மேக்கிங் பக்கம் இருந்தவன், உள்ளங்கை அளவு கட்டையில ஒரு வானத்துக்கு சம இடைவெளி விட்டுக் கோடு போடறதே எவ்வளவு கழுத்து வலின்னு தெரியும். ஒரு கோடு சறுக்கினா போச்சு, அழிக்க முடியாது, அந்த இடத்தைத் துளை போட்டு புது மரத்துண்டு அடைச்சு மறுபடியும் செதுக்கணும்.

டோரேக்கு முன்னாடி வழக்கம் என்னன்னா, ஓவியர் பென்சிலாலயோ பேனாவாலயோ கட்டை மேல கோடு கோடா வரைவார், செதுக்குறவர் அந்தக் கோட்டை மட்டும் விட்டுட்டு மீதியை எடுத்துடுவார். அதாவது கோடு போடறது ஓவியரோட முடிவு, செதுக்குறவருக்கு சொந்த யோசனைக்கு இடம் கம்மி. டோரே அதை மாத்தினார். கட்டைக்கு வெள்ளை பூசி, அது மேல பிரஷ்ஷால கறுப்பு மையைக் கரைச்சு வாஷ் போட்டு, வெளிச்சம் விழற இடத்துக்கு வெள்ளைச் சாயம் வச்சு, ஒரு சின்ன கறுப்பு வெள்ளை பெயிண்டிங்காவே குடுத்துடுவார். அதுல கோடே கிடையாது! இருட்டு, அரை இருட்டு, வெளிச்சம் இதுதான் இருக்கும். மையோ கறுப்பு ஒண்ணுதான், சாம்பல் நிறம்னு எதுவும் கிடையாது. அந்த சாம்பலை எத்தனை கோட்டால, எவ்வளவு தடிமனா, எந்தப் பக்கம் வளைச்சு, எங்க குறுக்குக் கோடு போட்டுக் காட்டறதுங்கிறது முழுசா செதுக்குறவர் கையில.

இதுக்கு ஒரு உதாரணம். 1868-ல வந்த, தாந்தே காவியத்தோட சொர்க்கம் பாகத்துல ரொம்பப் பிரபலமான ஒரு படம் இருக்கு, ரெண்டு சின்ன உருவம் நம்மளுக்கு முதுகு காட்டி நிக்கும், எதிர்ல ஆயிரக்கணக்குல தேவதைகள் வட்டம் வட்டமா சுத்தி நடுவுல ஒரு வெளிச்சம். அதை ஜூம் பண்ணிப் பாருங்க. நடுவுல வெளிச்சம்னு எதையும் யாரும் வரையல, அங்க மரமே இல்ல, எடுத்தாச்சு. ஓரத்துல உளி லேசா கீறியிருக்கு, உள்ள போகப் போக கீறல் அகலமாகி, கறுப்புக் கோடு மெலிஞ்சு மெலிஞ்சு நடுவுல காணாமயே போயிடும். கண்ணு அதை ஜொலிப்புன்னு எடுத்துக்குது. டோரே இங்க பிரகாசம்னு ஒரு வெள்ளைச் சாயம் வச்சிருப்பார், அதைக் கோட்டோட கணக்கா மாத்தினது செதுக்கினவர். அதனால டோரே ஸ்டைல்னு நாம சொல்றதுல சரிபாதி பிஸான், பன்னமேக்கர் மாதிரி ஆளுங்களோட கைதான்ங்கிறது என் முடிவு.

இதுல ஒரு சோகமும் இருக்கு. செதுக்கும்போதே அந்த ஒரிஜினல் வரைபடம் மரத்தூளோட போயிடும். 1860-கள்ல வரைபடத்தை போட்டோ மூலமா கட்டை மேல இறக்குற முறை வந்தப்புறம்தான் தாள்ல இருக்கற ஒரிஜினல் தப்பிச்சுது. அதுவரைக்கும் டோரே கட்டையில நேரா வரைஞ்சது எல்லாம் அச்சுல மட்டும்தான் மிச்சம், அதுவும் இடம் வலமா மாறி. அச்சுல ஒரு ஆள் வலது கையில வாள் பிடிக்கணும்னா கட்டையில இடது கையில பிடிச்ச மாதிரி வரையணும், இவர் அதை யோசிக்காமலே கடகடன்னு பண்ணிட்டே போவாராம்.

சரி வாழ்க்கைக்கு வரேன். 1832 ஜனவரி 6 ஸ்ட்ராஸ்பர்க்ல பிறந்தார். அப்பா அரசாங்கத்துல சாலை, பாலம் கட்டுற இன்ஜினியர், அவரோட வேலை மாற்றத்தால குடும்பம் பூர்காங் பிரெஸ் ஊருக்குப் போச்சு. ஓவியப் பள்ளி, குரு, அதெல்லாம் பெருசா எதுவும் கிடையாது, சின்ன வயசுலயே கேலிச்சித்திரம் போட்டுத் தள்ளுவார். 15 வயசுல அப்பா அம்மாவோட பாரிஸ் வந்தப்போ நடந்த கதைதான் எல்லா வாழ்க்கை வரலாறுலயும் வரும்: கேலிச்சித்திரப் பத்திரிகை நடத்தின ஷார்ல் பிலிப்போனோட கடை ஜன்னல்ல படங்களைப் பாத்துட்டு, மறுநாள் உடம்பு சரியில்லன்னு சாக்கு சொல்லி ரூம்லயே தங்கி, அவங்க வெளிய போனதும் ரெண்டு மூணு படம் வரைஞ்சு எடுத்துட்டு நேரா பிலிப்போன் முன்னாடி போய் நின்னுட்டார். பிலிப்போன் லேசுப்பட்ட ஆள் இல்ல, அரசரோட முகத்தை பேரிக்காயா வரைஞ்சு கோர்ட் ஏறினவர், தோமியேங்கிற பெரிய கேலிச்சித்திரக்காரரை வளர்த்து விட்டவர். அவர் பையனை விடல. 1847-லயே ஹெர்குலிஸோட வேலைகளைக் கிண்டல் பண்ணி முதல் ஆல்பம் வந்துடுச்சு, அடுத்த வருஷம் ஆரம்பிச்ச ஷூர்னால் பூர் ரீர் பத்திரிகைக்கு ஒப்பந்தம், பகல்ல லிசே ஷார்லமான்ங்கிற பள்ளிக்கூடத்துல படிப்பு. 1849-ல அப்பா இறந்துட்டார், அதுக்கப்புறம் வீட்டுச் சுமை இந்தப் பையனோட பென்சில் மேல வந்து விழுந்துச்சு.

1854-ல பழைய பிரெஞ்சு நையாண்டி எழுத்தாளர் ராபெலேவோட கதைகளுக்குப் படம், 1855-ல பிரெஞ்சு நாவலாசிரியர் பல்ஸாக்கோட வேடிக்கைக் கதைகளுக்கு 425 படம். என்னைக் கேட்டா டோரேவோட குறும்பு முழுசா இருக்குறது இந்தப் பல்ஸாக்லதான், பின்னாடி வர்ற பைபிள் படங்கள்ல இந்த ஆளா அதுன்னு சந்தேகமே வரும். 1856-ல அலையும் யூதன் கதைக்கு 12 பெரிய படம் போட்டார், மேல சொன்ன வாஷ் முறை பெரிய சைஸ்ல வெளிச்சத்துக்கு வந்தது அங்கதான்.

அப்புறம் தாந்தே. உலக இலக்கியத்துல பெரிய புத்தகங்களுக்கெல்லாம் பெரிய சைஸ்ல படம் போட்டு ஒரு வரிசையே கொண்டு வரணும்னு இருபதுகளோட நடு வயசுல இருந்த மனுஷன் திட்டம் போட்டார், முதல்ல எடுத்தது நரகம். அஷெத் பதிப்பகம் தயங்கிச்சு, 100 ஃபிராங்க் விலை போட்டு இதை யார் வாங்குவாங்கன்னு. செதுக்குற செலவை டோரே தானே ஏத்துக்கிட்டார். 1861-ல புத்தகம் வந்து வித்துத் தீர்ந்துச்சு, "வெற்றி, சீக்கிரம் வாங்க, நான் ஒரு கழுதை"ன்னு பதிப்பாளர் தந்தி அடிச்சதா ஒரு கதை இருக்கு, நடந்துச்சோ இல்லையோ, சொல்லாத ஆள் கிடையாது. அதே வருஷம் அரசாங்கம் லெஜியன் ஆஃப் ஹானர் விருது குடுத்துச்சு. நரகத்துல இருக்குற பெரிய படம் 75. முதல் படத்துல தாந்தே காட்டுக்குள்ள நின்னு திரும்பிப் பாப்பார், சுத்தியும் வேரும் பெரணிச் செடியும் இருட்டும், மனுஷனை விட மரம் பெருசு. இதுதான் அவரோட கணக்கு, எப்பவும் ஆளைச் சின்னதாக்கி இடத்தைப் பிரம்மாண்டமாக்குறது. சினிமாக்காரங்க இவர்கிட்ட மயங்கினதுக்கும் இதுதான் காரணம், 1933 கிங் காங் படத்துல வர்ற காடு டோரே படங்களைப் பாத்து வடிவமைச்சதுதான்.

1862-ல பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவோட தேவதைக் கதைகள். சிவப்புத் தொப்பிக்காரி கட்டில்ல பாட்டி தொப்பி போட்ட ஓநாய் பக்கத்துல போர்வையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிற படம் இதுலதான். 1863-ல டான் குயிக்ஸோட், கிட்டத்தட்ட 370 படம், செதுக்கினது எலியோதோர் பிஸான். டோரேக்கு ரொம்ப ராசியான கை இந்த பிஸான்தான், மார்சேய்ல 1822-ல பிறந்தவர், தாந்தேயிலயும் பெரிய பங்கு அவரோடது. பன்னமேக்கர் பெல்ஜியத்துல இருந்து வந்தவர், ஜூல்ஸ் வெர்னோட சந்திரப் பயணக் கதையிலயும் அவர் பேரைப் பாக்கலாம், பிள்ளை ஸ்தெபானும் அதே தொழில்தான். வேலைக்கு ஆள் பத்தாம, தன்னோட வாஷ்ஷைப் படிக்கத் தெரிஞ்ச செதுக்கு கலைஞர்கள் ஒரு கூட்டத்தையே டோரே சுத்தி வச்சுக்க வேண்டி வந்துச்சு. டோரே படம் மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேலன்னு ஒரு கணக்கு புழங்குது, அதுக்கு ஈடு குடுத்தது இந்தக் கூட்டம்.

1866-ல தூர் நகரத்து மாம் பதிப்பகம் போட்ட பைபிள், ரெண்டு வால்யூம், 228 படம். உலகம் முழுக்க டோரேன்னா பலருக்கும் இதுதான். பிரளயம், எகிப்து, பாபேல் கோபுரம் எல்லாம் அசத்தல்தான், ஆனா புதிய ஏற்பாடு பக்கம் போனா ஒரே மாதிரி முகபாவம், ஒரே மேல்நோக்குப் பார்வை, கொஞ்சம் அலுத்துடும். திட்டறவங்க திட்டட்டும்.

ஒரு சோதனை சொல்றேன், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1867 வாக்குல ஆங்கிலக் கவிஞர் டென்னிஸனோட ஆர்தர் ராஜா கவிதைகளுக்கு டோரே படம் போட்டார், அதை லண்டன்ல உருக்குத் தகட்டுல செதுக்கினாங்க. அதையும் தாந்தேயையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. அதே மனுஷன் வரைஞ்சதுதான், அதே காடு, அதே நிலா, ஆனா எல்லாம் புகை மூட்டமா வழுவழுன்னு இருக்கும், அந்தக் கறுப்போட கடி காணாமப் போயிருக்கும். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவோட அண்டங்காக்கை கவிதைக்குப் போட்ட படங்கள் அமெரிக்காவுல செதுக்கி அவர் இறந்தப்புறம் வந்துச்சு, அதுவும் வேற மாதிரி, சாம்பலா, போட்டோ சாயல்ல இருக்கும். கை மாறினா டோரேவும் மாறிடறார்.

லண்டன் அவரைத் தலைமேல வச்சுக் கொண்டாடுச்சு. 1860-கள் கடைசியில நியூ பாண்ட் தெருவுல டோரே கேலரின்னே ஒண்ணு ஆரம்பிச்சாங்க, காசு குடுத்து டிக்கெட் வாங்கி ஜனங்க போய்ப் பாத்தாங்க. அந்தச் சமயத்துல பிளான்சார்ட் ஜெரால்டுங்கிற பத்திரிகையாளர், நாம ரெண்டு பேரும் லண்டனைச் சுத்தி ஒரு புத்தகம் போடலாம்னு கூப்பிட்டார், வருஷத்துக்கு 10,000 பவுண்டுன்னு அஞ்சு வருஷ ஒப்பந்தம். துறைமுகம், குதிரைப் பந்தயம், வைட்சேப்பல் சேரின்னு சுத்தினாங்க, ராத்திரி சேரிக்குள்ள போகும்போது மஃப்டி போலீஸ் கூட வருமாம். நடு ரோட்ல நின்னு வரையறது டோரேக்கு பிடிக்காது, குறிப்பு எடுத்துட்டுப் போய் மிச்சத்தை ஞாபகத்துல இருந்து போடுவார். நடுவுல 1870-ல பிரஷ்யாவோட யுத்தம், பாரிஸ் முற்றுகை, சொந்த ஊர் ஸ்ட்ராஸ்பர்க் ஜெர்மனிக்குப் போயிடுச்சு, அது அவரை ரொம்ப பாதிச்சுது. 1872-ல 180 படத்தோட புத்தகம் வந்துச்சு. பாத்ததை வரையாம கற்பனை பண்றார்னு ஆர்ட் ஜர்னல் பத்திரிகை திட்டுச்சு, இன்னும் சிலர் ஏழைகளை எதுக்கு இவ்வளவு காட்டணும்னு முகம் சுளிச்சாங்க.

எனக்கு அவரோட வேலையில முதல் இடம் இதுக்குத்தான். ரயில்வே பாலத்து வளைவுக்குக் கீழ வரிசை வரிசையா ஒரே மாதிரி வீட்டுப் பின்கட்டு, குட்டி முற்றம், கொடியில துணி, புகைபோக்கி, தூரத்துல பாலத்து மேல ரயில். ஒரு முற்றத்துல கூட வெயில் இல்ல. இன்னொண்ணு நியூகேட் ஜெயில் முற்றம், வானமே தெரியாத செங்கல் சுவருக்கு நடுவுல கைதிங்க வட்டமா சுத்தி நடக்குறாங்க. அந்தச் செங்கல் ஒவ்வொண்ணையும் ஒருத்தர் உளியால பிரிச்சு எடுத்திருக்கார்ங்கிறதை யோசிச்சுப் பாருங்க. 1890-ல வான்கோ மனநல விடுதியில இருந்தப்போ இந்த அச்சுப் படத்தைப் பாத்துதான் கைதிகள் வட்டம் ஓவியத்தை வரைஞ்சார், அது இப்ப மாஸ்கோ புஷ்கின் மியூசியத்துல இருக்கு.

இவ்வளவு பேர், இவ்வளவு காசு, ஆனா டோரே ஆசைப்பட்டது வேற. பெரிய பெயிண்டரா மதிக்கணும், அதுவும் பாரிஸ் மதிக்கணும். ஆறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர்ல இயேசு விசாரணை மண்டபத்தை விட்டு வர்ற ஓவியம் போட்டார், இப்ப ஸ்ட்ராஸ்பர்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல அது ஒரு சுவர் முழுக்க நிக்குது. லண்டன் கும்பிட்டுச்சு, பாரிஸ் விமர்சகருங்க புத்தகத்துக்குப் படம் போடறவன் அதோட நிக்கட்டும்னு இருந்துட்டாங்க. ஓவியங்களை நான் உண்மையா சொன்னா பெருசா ரசிக்கல, பெரிய கேன்வாஸ்ல அவரோட வேகம் காலியாத் தெரியும். சிற்பத்துல ஆச்சரியமா நல்லா வந்தார், பாரிஸ்ல இருக்குற, நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் துமாவோட நினைவுச் சின்னம் அவர் பண்ணதுதான், அதைத் திறந்தது 1883 நவம்பர்ல, பாக்க அவர் இல்ல. கல்யாணம் பண்ணிக்கல, கடைசி வரைக்கும் அம்மாவோடவே இருந்தார், 1881-ல அம்மா போனதும் மனுஷன் உடைஞ்சுட்டார். 1883 ஜனவரி 23, 51 வயசு, பாரிஸ்ல இறந்தார், பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துல அடக்கம். ஷேக்ஸ்பியருக்குப் படம் போடற வேலை பாதியில நின்னுச்சு.

அவர் போன கொஞ்ச வருஷத்துலயே போட்டோவை நேரா தகட்டுல புள்ளியா இறக்குற முறை பரவி, செதுக்குற பட்டறைங்க ஒண்ணொண்ணா மூடிச்சு. நீங்க கேட்ட அர்த்தத்துல, தானே வரைஞ்சு தானே செதுக்கின பிரெஞ்சுக்காரர் வேணும்னா அதுக்கு ஓகுஸ்த் லெபேரைப் பாருங்க, 1849-ல இருந்து 1918 வரைக்கும் வாழ்ந்தவர். பட்டறையில கூலிக்குச் செதுக்கி, பத்திரிகைப் படம் செதுக்கி, தொழில் சாகுற நேரத்துல உளியை அடுத்தவர் கோட்டுக்கு விடாம தன் கோட்டுக்கே திருப்பினவர். பாரிஸ் தெரு, செய்ன் ஆறு, மழைன்னு போட்டிருக்கார், 1911-ல சுயமா செதுக்குறவங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு அதுக்குத் தலைவராவும் இருந்தார். டோரேல இருக்குற பிரம்மாண்டம் இவர்கிட்ட இருக்காது, ஆனா உளி போற போக்கே வரையற மாதிரி இருக்கும்.

பாக்கணும்னா மலிவு ரீப்ரிண்ட் புக் வாங்காதீங்க, நுணுக்கக் கோடெல்லாம் அடைச்சுப் போய் கறுப்புத் திட்டாத்தான் இருக்கும். பிரெஞ்சு தேசிய நூலகத்தோட கேலிகா தளத்துல பழைய பதிப்பு ஸ்கேன் இலவசமாவே கிடைக்குது. லண்டன்ல ஆரம்பிச்சு நரகத்துக்குப் போங்க, பல்ஸாக்கை விட்டுடாதீங்க, ஒவ்வொரு படத்துலயும் வலது கீழ் மூலையில யார் பேர் இருக்குன்னு பாத்துக்கிட்டே போனா கொஞ்ச நேரத்துல பிஸான் வானத்தையும் மத்தவங்க வானத்தையும் பேரைப் பாக்காமலே பிரிச்சுச் சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க.